விதைநேர்த்தியும் சேமிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உளுந்து விதையில் ரைசோபியம் (பயறு வேரில் முடிச்சு உண்டாக்கித் தழைச்சத்தைத் தரும் நுண்ணுயிர்) கலந்து உலர்த்தி வைத்திருந்த நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டதால் விதைப்பு தள்ளிப்போயிற்று. இந்த விதையை மூட்டை கட்டி வைத்து, இரண்டு வாரம் கழித்து அப்படியே விதைக்கலாமா?

பதில்: விதைக்கலாம், விதை முளைக்கும், ஆனால் அதன்மேல் பூசிய ரைசோபியத்தில் பெரும்பகுதி அதற்குள் மடிந்திருக்கும். பயறு விதை கெடாமல் இருக்க ஈரப்பதம் 9 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். வித்துறை (சில நுண்ணுயிர்கள் வறட்சியைத் தாங்கத் தம்மைச் சுற்றி அமைக்கும் தடித்த உறை) உருவாக்கத் தெரியாத ரைசோபியம் அந்த வறட்சியைத் தாங்காது. பாக்கெட்டில் அது மாதக்கணக்கில் பிழைத்திருப்பது, நிலக்கரித் தூள் போன்ற ஊடகம் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான். அதையே விதைமேல் மெல்லிய படலமாகப் பூசிவிட்டால், சில மணி நேரத்திலேயே அந்த ஈரம் பறந்துவிடுகிறது. நுண்ணுயிரைக் காப்பாற்றுவதாக எண்ணி விதையை ஈரத்தோடு மூட்டை கட்டுவோரும் உண்டு; அது இன்னும் பெரிய தவறு, ஏனெனில் பூஞ்சணம் பிடித்து முளைப்புத்திறனே போய்விடும்.

ஆகவே, விதையை நிழலில் நன்றாக உலர்த்திச் சேமியுங்கள். விதைக்கும் நாளில் காலாவதியாகாத புதிய பாக்கெட்டைப் பிரித்து, 10 கிலோ விதைக்கு 200 கிராம் என்ற அளவில் ஆறிய கஞ்சியில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை ஒரு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். ரைசோபியம் எப்போதும் கடைசியில்தான். பலன் கிடைத்ததா என்று அறிய, விதைத்த 30 முதல் 40 நாட்களில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து வேர்முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தை நிலைப்படுத்திக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் நுண்ணுயிர் பூசியே விற்கப்படும் விதைகள் மட்டும் எப்படி மாதக்கணக்கில் தாங்குகின்றன?

பதில்: பூசப்பட்டது எந்த நுண்ணுயிர் என்பதைப் பொறுத்தது அது. பேசில்லஸ் சப்டிலிஸ் உலர்ந்தாலும் வித்துறைக்குள் உறங்கிக் கிடந்து, மண்ணில் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். சூடோமோனாஸ் புளோரசன்ஸுக்கும் அசோஸ்பைரில்லத்துக்கும் அந்தத் திறன் கிடையாது. இத்தகையவற்றைப் பாலிமர் பூச்சுகளால் ஓரளவு காக்க முடியும் என்றாலும், வெயிலும் வெப்பமும் படும் கிடங்கில் அந்தப் பாதுகாப்பு நெடுநாள் நிற்காது. விதையின் காலாவதி வேறு, அதன்மேல் உள்ள நுண்ணுயிரின் காலாவதி வேறு என்பதால், பையில் ஒரே ஒரு தேதி மட்டும் அச்சிட்டிருந்தால் அது எதற்குரியது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.