மெயில்பாக்ஸை என்றைக்குத் திறந்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை

கேள்வி: ஜெர்மனியில் நானும் நண்பரும் சேர்ந்து சிறிய நிறுவனம் நடத்தினோம். ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் கடிதங்கள் மின்னணு மெயில்பாக்ஸுக்குத்தான் வரும், அதைப் பார்த்துவந்தவர் நண்பர். சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டார். மார்ச் 20 அன்று நான் உள்ளே போய்ப் பார்த்தால், ஆய்வாளருக்குப் பதில் தராததால் எங்கள் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது என்று பிப்ரவரி 10 தேதியிட்ட கடிதம். தபாலில் ஏன் அனுப்பவில்லை? நண்பர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: நண்பரைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் எனக்குத் தேவைப்பட்டது பிப்ரவரி 10 என்ற தேதி மட்டும்தான். மெயில்பாக்ஸ் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது நீங்கள், அதனால் தபால் பேச்சை விடுங்கள். ஏப்ரல் 10 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் ‘ஃபர்தர் பிராசஸிங்’ (கெடு தவறிய விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்கச் சொல்வது) கட்டணத்தைக் கட்டி, தராமல் விட்ட பதிலையும் தாக்கல் செய்தால் விண்ணப்பம் பிழைத்துக்கொள்ளும். ஏன் தாமதம் என்று ஒரு வரிகூட விளக்க வேண்டியதில்லை.

ஆட்கள் கவிழ்வது இங்கேதான். கட்டணத்தைக் கட்டிவிட்டு, பதில் அப்புறம் அனுப்பலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே கெடு. இன்னும் சிலர் பழைய கையேட்டைப் பார்த்து பத்து நாள் சேர்த்து, ஏப்ரல் 20 வரை இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். அந்தப் பத்து நாள் சலுகை 2023 நவம்பர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. கடிதத்தில் என்ன தேதியோ அன்றே கிடைத்ததாகக் கணக்கு. கடிதம் பெட்டிக்கு வந்து சேரவே ஏழு நாளுக்கு மேல் ஆகியிருந்தால்தான், ஏழுக்கு மேற்பட்ட நாட்கள் கெடுவில் கூடும். வந்து கிடந்த கடிதத்தை நீங்கள் ஐந்து வாரம் கழித்துத் திறந்ததெல்லாம் இதில் வராது.

ஏப்ரல் 10-ஐயும் விட்டால், இழந்த உரிமையை மீட்டுத் தரக் கேட்கும் வழியான ஐரோப்பிய காப்புரிமை ஒப்பந்தத்தின் 122-ஆவது பிரிவுதான் கதி. அங்கே உரிய கவனம் முழுவதும் எடுத்தும் கெடு தவறிவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். மார்ச் 20-லேயே கடிதத்தைப் படித்துவிட்ட நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்? என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான், அலுவலகத்துக்குக் கோபமாக மின்னஞ்சல் எழுதியே ஆறு வாரத்தைத் தீர்த்தார்.

வழக்கு வேண்டாம், நண்பரோடு சமரசமாகப் போங்கள். கோபம் நியாயமாகவே இருக்கட்டும், அந்தப் பெட்டியில் உங்கள் மற்ற விண்ணப்பங்களின் கடிதங்களும் பிரிக்காமல் கிடக்கலாமே. அதில் ஒன்றுக்கு எல்லாக் கெடுவும் தாண்டியிருந்தால், அந்த 122-ஆவது பிரிவில் உங்கள் கவனத்தை நிரூபிக்க, கெடுத் தேதிகளை யார் குறித்தார், யார் சரிபார்த்தார், எங்கே தவறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய சாட்சி அவர்தான். நோட்டீஸ் அனுப்பிய ஆளிடம் அந்தக் கையெழுத்தை எப்படிக் கேட்பீர்கள்? ‘வேண்டுமென்றே மறைத்தார்’ என்று நீங்களே எழுதிவைத்தால், அவரை யார் கண்காணித்தது என்ற கேள்வியும் உங்கள் பக்கம்தான் திரும்பும். பங்குப் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது முடியுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே, பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.