பங்குனியில் பிளந்தால் மார்கழியில் எரியும்

வாசகர் கேள்வி - பதில்

கோடை தொடங்கியதும் விறகைப் பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் பெங்களூரிலிருந்தே. பழைய வீடுகளின் கொல்லையில் வெந்நீர் அண்டா இன்னும் இருக்கிறது, ஊருக்கு வெளியே தோட்டம் வாங்கியவர்கள் வீட்டில் மரமும் இருக்கிறது. அதனால் இந்த முறை எல்லாப் பதிலும் விறகுக்கே.

கேள்வி: எங்கள் தோட்டத்து வேலியோரம் இருந்த சில்வர் ஓக் மரங்களை மாசிக் கடைசியில் வெட்டி, உருளை உருளையாக அறுத்துப் போட்டிருக்கிறோம். மார்கழியில் வெந்நீர் அடுப்புக்கு வேண்டும். அதுவரை அப்படியே கிடந்து காயட்டும், கார்த்திகையில் பிளந்துகொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா? (வாசகி, சர்ஜாபூர் சாலை)

பதில்: வேண்டாம் அம்மா, இந்த வாரமே பிளக்கச் சொல்லுங்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான், அந்தத் தண்ணீர் வெளியே போவதற்கு மரத்துக்கு வழி வேண்டும். உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் மரத்தின் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, அதனால் அறுத்த இரண்டு முனைகள் வழியாக ஈரம் சுலபமாகப் போகும், பக்கவாட்டில் போவது அதைவிடப் பல மடங்கு மெதுவு. போதாததற்குச் சுற்றிலும் பட்டை. மழையும் பூச்சியும் உள்ளே வராமல் மரத்தைக் காப்பாற்றிய அதே பட்டை, வெட்டிய பிறகு ஈரத்தையும் வெளியே விடாது. ஒரு அடி விட்டமுள்ள உருளையைப் பட்டையோடு போட்டு வைத்தால் ஒரு வருடம் கழித்தும் நடுவில் ஈரம் இருக்கும். அதையே மூன்று, நான்கு அங்குலக் கனத்துக்குப் பிளந்து காற்றில் வையுங்கள், பெங்களூர் வெயிலுக்கு வைகாசி முடிவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் ஊரில் விறகு காய்வதற்கென்றே அமைந்த காலம் மார்ச் தொடங்கி மே வரை. பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகும் நாட்கள் இப்போதுதான் நிறைய. நடுவில் கோடை மழை அடித்துப் பெய்தாலும் மறுநாளே வெயில் வந்துவிடும், மேலே மட்டும் நனைந்தது மேலேயே காய்ந்து போகும். ஜூனில் மேல்காற்று ஆரம்பித்தால் தூறல் இருந்தாலும் காற்று பலமாக இருப்பதால், மேலே மூடிய அடுக்கு தொடர்ந்து காய்ந்துகொண்டே இருக்கும். கஷ்டம் செப்டம்பர், அக்டோபரில்தான், வருடத்திலேயே நமக்கு அதிக மழை அப்போதுதான். கார்த்திகையில் பிளந்தால் அந்த மழையெல்லாம் குடித்த உருளையைப் பிளந்து, ஒரு மாதம்கூடக் காயாமல் அடுப்பில் வைப்பீர்கள். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

சில்வர் ஓக் பிளக்கச் சுலபமான மரம், நேராக விட்டுக்கொடுக்கும். ஆனால் அதன் மரத்தூளும் இலையும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். சுறுசுறுப்பாகப் பற்றி எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும், தணல் நிற்காது. அண்டா சூடாக அதுவே போதும், ஆனால் கல்யாணச் சமையல் மாதிரி நீண்ட நேரம் நிற்க வேண்டிய தீக்குச் சவுக்கோ புளியோ சேர்க்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து லேஅவுட்டில் மரம் அறுத்தவர்களிடம் தூங்குமூஞ்சி மரத் துண்டுகளையும் யூகலிப்டஸையும் வாங்கி வந்தேன். கோடாலி உள்ளே போய் மாட்டிக்கொள்கிறதே தவிரப் பிளக்க மாட்டேன் என்கிறது. கோடாலியின் தலையில் சம்மட்டியால் அடித்தும் பார்த்துவிட்டேன். (வாசகர், ஒயிட்ஃபீல்ட்)

பதில்: முதலில் அந்தச் சம்மட்டி அடியை நிறுத்துங்கள். கோடாலித் தலையில் காம்பு நுழையும் துளை அடி வாங்குவதற்காகச் செய்ததல்ல, அது விரியும், தலை கழன்று பறக்கும், இல்லையென்றால் இரும்புச் சில் தெறித்துக் கண்ணில் பாயும். அடிப்பதற்கென்றே இருப்பது இரும்பு ஆப்பு. அதுவும் தலை அடிபட்டு அடிபட்டுக் குடை விரிந்திருந்தால் பட்டறையில் கொடுத்து ஓரத்தைத் தேய்த்து வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். காம்பு ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது நம்மிடம் உள்ள பழக்கம். ஊறிய காம்பு காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். புது ஆப்பு அடித்து இறுக்குவதுதான் வழி.

இனி மரத்துக்கு வருவோம். இந்த இரண்டு மரங்களிலும் நார் நேராக ஓடாது, ஒரு வரிசை இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்தது அந்தப் பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட மரத்தின் நடுவில் ஓங்கி அடிப்பது வீண் உழைப்பு. துண்டை ஒரு அடி நீளத்துக்கு மேல் விடாமல் அறுத்துக்கொள்ளுங்கள், விளிம்பிலிருந்து பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டே உள்ளே போங்கள். முனையில் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தால் அந்தக் கோட்டிலேயே அடி விழட்டும். கணு இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். யூகலிப்டஸைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காயக் காய அது இரும்பாகிவிடும், ஆகவே இரண்டில் அதை முதலில் எடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது மரம் வெட்டும் மெல்லிய கோடாலி என்று நினைக்கிறேன், அது நாரைக் குறுக்கே வெட்டத்தான். பிளப்பதற்குக் கன்னம் புடைத்த, இரண்டரை மூன்று கிலோ எடையுள்ள கோடாலி வேண்டும், அதன் எடையே பாதி வேலையைச் செய்யும். அடியில் ஒரு தடித்த கட்டையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் உயரத்தில் போட்டு அதன்மேல் துண்டை வையுங்கள், குறி தவறினாலும் கோடாலி கட்டையில் இறங்கும், காலில் இறங்காது. கால்கள் அகன்று நிற்கட்டும், மூடிய ஷூ, கண்ணாடி இரண்டும் கட்டாயம். ஹவாய் செருப்போடு விறகு பிளப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கேள்வி: போன வருடம் பிளந்த விறகைக் காம்பவுண்டுச் சுவரோரம் அடுக்கித் தார்ப்பாயால் நன்றாகச் சுற்றிக் கட்டி வைத்தோம். டிசம்பரில் பிரித்தால் பூஞ்சை வாடை, அடி வரிசை முழுக்கக் கறையான். ஒரு சொட்டு மழைகூடப் படவில்லை, பிறகு எப்படி? (வாசகி, ஜாலஹள்ளி)

பதில்: மழை வெளியிலிருந்து வரவில்லை அம்மா, ஈரம் உள்ளேயே இருந்தது. நாலாபக்கமும் சுற்றிக் கட்டிய தார்ப்பாய்க்குள் விறகு விட்ட ஆவி பகலில் மேலே ஏறி, ராத்திரி குளிரில் நீராகி மறுபடி விறகிலேயே சொட்டியிருக்கும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பூஞ்சைக்கு வேலையில்லை, உங்கள் விறகு அந்த அளவுக்கு இறங்கவே இல்லை.

இந்த முறை தரையிலிருந்து தொடங்குங்கள். சைஸ் கல்லோ ஹாலோ பிளாக்கோ இரண்டு வரிசை போட்டு, அதன்மேல் பழைய இரும்புக் குழாயோ கட்டையோ வைத்து, அரை அடி உயரத்தில் முதல் வரிசை விறகு வரட்டும். நம் செம்மண்ணில் தரையைத் தொடும் விறகைக் கறையான் விடாது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்கட்டும், அந்த இடைவெளியில் காற்றும் போகும், கறையான் மண் ஏறுவதையும் குனிந்து பார்க்கலாம். வீட்டுச் சுவராக இருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள்.

அடுக்கு ஒற்றை வரிசையாக இருப்பதே நல்லது. இடம் இல்லாமல் இரண்டு, மூன்று வரிசையை ஒட்டி அடுக்கினால் நடு வரிசை காயாது. மழைக்கால மேல்காற்று மேற்கிலிருந்து வருவதால், அடுக்கு வடக்கு தெற்காக நீண்டிருந்தால் காற்று அதன் அகலப் பக்கத்தில் மோதி இடுக்கு வழியாகப் புகுந்து போகும். இரண்டு முனைகளிலும் விறகைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்துத் தூண் மாதிரி எழுப்பினால் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. உயரம் நாலடிக்கு மேல் வேண்டாம், விறகு காயும்போது சுருங்கும், அடுக்கு மெல்லச் சாயும், குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் இன்னும் தாழ்வாகவே வையுங்கள். மேலே மட்டும் ஒரு தகர ஷீட்டைச் சற்றுச் சாய்வாக, பக்கத்துக்கு முக்கால் அடி நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டு, காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். பக்கங்கள் நான்கும் திறந்தே கிடக்கட்டும். சாரல் நனைக்கிறதே என்று மனம் பதைக்கும், பதைக்க வேண்டாம். பிளந்த விறகில் சாரல் மேலோடு நின்றுவிடும்.

இன்னொன்று. விறகு அடுக்கில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் நம் ஊர் ஓரங்களில் சாதாரணம், தேளும் உண்டு. எடுக்கும் முன் ஒரு கம்பால் நான்கு தட்டுத் தட்டுங்கள், இருட்டில் வெறும் கையை விடவே விடாதீர்கள்.

கேள்வி: சௌதே டிப்போவில் (விறகுக் கடையில்) கிலோ கணக்கில் வாங்குகிறோம். காய்ந்த விறகு என்றுதான் சொல்கிறார்கள், வீட்டுக்கு வந்தால் புகைகிறது. வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு வாங்கி வைப்பது? (வாசகர், அல்சூர்)

பதில்: இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டங்’ என்று கணீரென்று ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’ என்று அடங்கும். முனையில் வெடிப்பு இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், முனை முதலில் காய்ந்து வெடிக்கும், நடு பச்சையாகவே இருக்கும். கடைக்காரரிடம் ஒன்றைப் பிளக்கச் சொல்லிப் புதிய முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம். ஈரமானி வைத்திருப்பவர்களும் இந்தப் புது முகத்தில்தான் ஊசியைக் குத்த வேண்டும், வெளிப்புறத்தில் குத்தினால் அது நல்ல செய்தியாகத்தான் சொல்லும்.

எடைக்கு விலை என்பதால் இதில் பணமும் இருக்கிறது. பாதி தண்ணீரான 100 கிலோவில் உங்களுக்குக் கிடைப்பது 50 கிலோ மரம், 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் 80 கிலோ மரம். அந்த 50 கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏழெட்டுக் கிலோ மரத்தின் சூடு போகிறது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய நஷ்டம், அடுப்பின் சூடு ஏறாமல், மரத்திலிருந்து வந்து எரிய வேண்டிய வாயுவெல்லாம் எரியாமல் புகையாக வெளியேறுவதுதான். புகைபோக்கி உள்ளவர்களுக்கு அதுவே உள்ளே தாராகப் படிந்து, ஒருநாள் புகைபோக்கியே தீப்பிடிக்கும்.

அளவைப் பொறுத்தவரை, 20 லிட்டர் பக்கெட் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 500 கிலோ கலோரி வேண்டும். திறந்த அடுப்பில் விறகின் சூட்டில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, ஆக ஒரு பக்கெட்டுக்குக் காய்ந்த விறகு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். நான்கு பேர் வீட்டுக்கு மூன்று மாதக் குளிருக்கு நானூறு கிலோவாவது வேண்டும். அடுப்பை மாற்றினால் இது நன்றாகக் குறையும். நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்காக 1974-ல் தொடங்கிய அஸ்த்ரா திட்டத்தில், விஞ்ஞானி அமுல்ய ரெட்டியோடு இருந்தவர்கள் மூடிய தீயறையும் புகைபோக்கியும் வைத்துச் சிக்கன அடுப்பு வடிவமைத்தார்கள், ‘அஸ்த்ரா ஒலே’ (கன்னடத்தில் ஒலே என்றால் அடுப்பு) என்று கர்நாடகக் கிராமங்களில் அது பரவியது. விறகை மிச்சப்படுத்த நினைக்கும் யாரும் முதலில் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எந்த விறகை எரிக்கவே கூடாது? (வாசகி, மர்ஃபி டவுன்)

பதில்: அரளி, பொன்னரளி இரண்டின் புகையும் நஞ்சு, குச்சிகூடச் சேரக் கூடாது. பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல், பிளைவுட், பிசின் பலகை எதுவும் வேண்டாம். காய்ந்த இலையைக் குவித்துத் தெருவில் கொளுத்துவதும் திடக்கழிவு விதிகள்படி 2016-லேயே தடை செய்யப்பட்டதுதான்.

கேள்வி: கோடை மழையில் எங்கள் தெருவில் குல்மொஹர் விழுந்தது. எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் வளாகத்துக்குள் இருக்கும் மரத்தை வெட்ட யாரிடம் கேட்க வேண்டும்? (வாசகர், ஃப்ரேசர் டவுன்)

பதில்: தெருவில் விழுந்தது பொதுச்சொத்து, மாநகராட்சி வனப்பிரிவு ஆட்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். குல்மொஹர் மென்மரம், சீக்கிரம் பூச்சி பிடிக்கும், எடுத்தால் இந்தக் குளிருக்குள் எரித்துவிடுங்கள். சொந்த இடத்து மரத்துக்கும் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976 உண்டு. வெட்டும் முன் மர அதிகாரியிடம் விண்ணப்பியுங்கள். பங்குனி, சித்திரை பறவைகள் கூடு கட்டும் காலமும்கூட, அனுமதி கையில் இருந்தாலும் கிளைகளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு ஆளை ஏற்றுங்கள்.

கேள்வி: ஜனவரியில் என் மாமியாருக்குக் குளிர் தாங்காது. வெந்நீர் அடுப்பின் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி அவர் அறையில் வைக்கலாமா? புகையே இல்லையே. (வாசகி, ஸ்ரீராமபுரம்)

பதில்: கூடவே கூடாது அம்மா. புகை இல்லாத தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, மூடிய அறையில் தூங்கிக்கொண்டிருப்பவர் தூக்கத்திலேயே போய்விடுவார். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிக் குடும்பம் குடும்பமாக இறக்கிறார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன் என்ற சமாதானமும் வேண்டாம். அதே அடுப்பில் காய்ந்த வெந்நீரை ரப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றி அவர் கால்மாட்டில் வையுங்கள், கம்பளி ஒன்று கூடுதலாகப் போர்த்திவிடுங்கள்.