200 எம்பிபிஎஸ் (Mbps) நெட் பிளான் போட்டும் மாடி ரூம்ல வைஃபை 30-ஐ தாண்டல, என்ன பண்றது?

அப்படியே என் கதை தான் இது. நானும் மொதல்ல கம்பெனிக்கு போன் போட்டு சண்டை தான் போட்டேன், ரெண்டு தடவை ஆள் வந்தாரு, ரெண்டு தடவையும் கீழ் ஹால்ல ரவுட்டருக்கு அடியிலயே நின்னு போன்ல ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி "பாருங்க சார், 200 வருதே"ன்னு காட்டிட்டு போயிட்டாரு. அவர் சொன்னதுல தப்பே இல்ல, ஆனா நான் ஹால்ல உக்காந்து வேலை பாக்கல, மாடியில பாக்குறேன்.

அதனால வைஃபையை திட்டுறதுக்கு முன்னாடி ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு ரவுட்டர்ல நேரா சொருகி டெஸ்ட் பண்ணுங்க. இதை பண்ணாம வேற எதை பண்ணாலும் இருட்டுல கல் எறியிற மாதிரி தான். எங்க வீட்ல கீழ இருக்கிற ஃபைபர் பாக்ஸ்ல இருந்து மாடிக்கு, வீடு கட்டும்போதே சுவத்துக்குள்ள விட்ட ஒரு லேன் கேபிள் போகுது, அது முனையில ரெண்டாவது ரவுட்டர். அந்த ரவுட்டர்ல கேபிள் சொருகி பாத்தா 94. திரும்ப பாத்தா 94. ராத்திரி, காலைல, எப்போ பாத்தாலும் 94, ஒண்ணு கூடல ஒண்ணு குறையல.

இந்த 94, 95-ங்கிற நம்பரை எங்க பாத்தாலும் உஷாராகிடுங்க. லைன் ஸ்லோவா இருந்தா ஸ்பீடு ஏறி இறங்கும், இப்படி ஆணி அடிச்ச மாதிரி நிக்காது. எங்கயோ ஒரு இடத்துல கனெக்ஷன் 100 எம்பிபிஎஸ்ல ஓடுது, அதுல ஓவர்ஹெட் (டேட்டாவோட கூடவே போற முகவரி மாதிரி விஷயங்கள்) போக கையில கிடைக்கிறது தான் இந்த 94. காரணம் ரவுட்டரோட போர்ட்டே 100-க்கு மட்டும் செஞ்சதா இருக்கலாம் (விலை கம்மியான மாடல்ல இன்னும் அப்படி தான் வருது, அட்டைப்பெட்டி மேல மட்டும் 1200-ன்னு பெருசா போட்டிருப்பான்), இல்லன்னா கேபிள். கேபிளுக்குள்ள எட்டு ஒயர் இருக்கும், 100 ஓட நாலு ஒயர் போதும், 1000 ஓடணும்னா எட்டும் வேணும். ஜாக்கை கழட்டி பாத்தேன், நாலு ஒயர் தான் சொருகியிருக்கு! மிச்ச நாலை எலக்ட்ரீஷியன் அண்ணன் பிரிச்சு, கீழ சமையக்கட்டுக்கும் மாடிக்கும் இன்டர்காம் லைனா போட்டுவிட்டிருக்காரு. தனி ஒயர் மிச்சம் பிடிச்சாராம். ரெண்டு முனையிலயும் எட்டு ஒயரையும் சேத்து கிரிம்ப் பண்ணதும் (ஜாக்குக்குள்ள வச்சு அழுத்தி பூட்டுறது) லேப்டாப்ல 190-க்கு மேல வந்துடுச்சு.

ஆனா போன்ல அப்பவும் 35 தான். அங்க தான் ரெண்டாவது விஷயம், போன் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல தொங்கிட்டு இருந்துச்சு. வைஃபை ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசையில சிக்னல் விடும். ரவுட்டர்ல 2.4-க்கும் 5-க்கும் ஒரே பேர் வச்சிருந்தா, போன் படிக்கட்டு ஏறும்போது பிடிச்ச 2.4-ஐயே விடாம பிடிச்சுக்கும், அதனால ரெண்டுக்கும் வேற வேற பேர் வச்சு 5-ல மட்டும் கனெக்ட் பண்ணுங்க. (இந்த 5 வேற, மொபைல் 5ஜி வேற. எங்க மாமா "என் போன்ல 5ஜி இல்லயே"ன்னு ஆறு மாசம் அந்த பேரை தொடவே இல்ல.) 5-ல ஸ்பீடு ஜாஸ்தி, ஆனா ஒரு கான்கிரீட் தளம் குறுக்க வந்தாலே பாதி செத்துடும், அதான் கீழ் ரவுட்டரை நம்பி மாடியில 5 எதிர்பாக்காதீங்க.

டிவி, பல்பு மாதிரி 2.4-ல மட்டும் ஓடுறது இருந்தா, ரவுட்டர் செட்டிங்ஸ்ல சானலை (2.4-க்குள்ள இருக்கிற ரோடு மாதிரி) ஆட்டோல விடாம 1, 6, 11 மூணுல ஒண்ணு வைங்க, சானல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3 காலியா இருக்கேன்னு அங்க போய் உக்காந்தா 1-லயும் 6-லயும் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர்கிட்டயும் இடி வாங்கணும்.

அவசரப்பட்டு ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி திரும்ப அனுப்புற பெட்டி) வாங்காதீங்க. விலை கம்மியான ரிப்பீட்டர் ஒரே சானல்ல தான் கேக்கவும் செய்யும் பேசவும் செய்யும், அதனால ஸ்பீடு பாதியாகிடும், அதையும் சிக்னல் செத்த இடத்துல வச்சா பாதி எங்க, கால் கூட வராது. சுவத்துல பைப் இருந்தா கேபிள் இழுத்துடுங்க.

இன்னொண்ணு, டவுன்லோட்ல 24 எம்பின்னு காட்டுறதை பாத்து பதறாதீங்க, அது பைட் கணக்கு, பிளான்ல சொல்றது பிட் கணக்கு, ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால எட்டால பெருக்குங்க, உங்க 200 அங்க தான் இருக்கு.

இப்போ என் ரூம்ல போன்லயே 180 வருது. இன்டர்காம் தான் போச்சு, அம்மா மாடிப்படிக்கு கீழ நின்னு கத்தி தான் சாப்பிட கூப்பிடுறாங்க.