மெயில் வழியே நடக்கும் பக் டிராக்கரைப் புதியவர்களுக்கு எப்படிப் பழக்குவது?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் மாதிரியான திட்டங்களில், மென்பொருள் பிழைகளைப் (பக்) பதிந்து கண்காணிக்கும் பக் டிராக்கருக்கு லாகினும் கிடையாது, நிரப்பப் படிவமும் கிடையாது, எல்லாமே மெயிலில்தான் என்றதும் புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள், அவர்களுக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிராக்கருக்கு மெயிலில் எழுதும் கட்டளைகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே கட்டளைப் பட்டியலை அனுப்பிவைக்கிறார்கள், வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே ஒதுங்கிவிடுகிறார். அவருக்கு உண்மையில் தெரியாதது, தன் மெயில் யார் கைக்குப் போகிறது, போனபிறகு என்ன நடக்கும் என்பதுதான். அதனால் முதலில் முகவரிகளைச் சொல்லிக்கொடுங்கள். சப்மிட் முகவரிக்கு எழுதினால் புதிய பக் பிறக்கும், அதற்கு ஒரு நம்பர் கிடைக்கும். அந்த நம்பரையே முகவரியாக வைத்து எழுதினால் அதே பக்கின் கீழ் பதில் சேரும். நம்பரோடு ஒரு கோடு போட்டு 'டன்' என்று சேர்த்தால் பக் மூடப்படும். தலைப்பை மாற்றுவது, வேறு பேக்கேஜுக்கு (மென்பொருள் தொகுப்புக்கு) தள்ளுவது, இரண்டை ஒன்றாக்குவது எல்லாம் கண்ட்ரோல் முகவரியின் வேலை. இவ்வளவு புரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம் முதல் மெயிலைப் பக்கத்தில் இருந்து எழுத வையுங்கள். மெயிலின் உடல் பகுதியில், 'வணக்கம்' என்று எழுதுவதற்கும் முன்னால், முதல் வரியிலேயே 'பேக்கேஜ்' என்று போட்டு முக்காற்புள்ளி வைத்து அதன் பெயர், அடுத்த வரியில் அதேபோல 'வெர்ஷன்', பிறகு ஒரு வெற்று வரி, அதற்குக் கீழேதான் விவரம். மரியாதைக்காக மேலே இரண்டு வரி நலம் விசாரித்துவிட்டுப் பேக்கேஜ் பெயரைக் கீழே எழுதினால் மென்பொருளுக்கு அது தெரியாது, அறிக்கை உரியவரிடம் போய்ச் சேராது. ரிப்போர்ட்பக் என்ற கருவி இந்த வரிகளைத் தானே நிரப்பிவிடும், ஏற்கெனவே பதிவான பக்குகளையும் அனுப்புவதற்கு முன்பே காட்டும், ஆகவே டெபியன் பயன்படுத்துகிறவர் என்றால் அதையே கொடுங்கள். ஆனாலும் ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்த்தவருக்கு அந்தக் கருவி என்ன செய்கிறது என்று விளங்கும்.

அனுப்பியதும் நம்பர் உடனே வராது, கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் போகவில்லையோ என்று நினைத்து மறுபடி அனுப்புவார்கள், இரண்டு பக் ஆகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இன்னொரு சிக்கல், முதல் மெயிலிலேயே நண்பருக்கும் சிசி போடுவது: அவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தினால் அது மறுபடி சப்மிட் முகவரிக்குப் போய் இன்னொரு பக்காகப் பதிவாகிவிடும். இதைத் தவிர்த்து அவருக்கு நகல் அனுப்பவே எக்ஸ்-டெப்பக்ஸ்-சிசி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. நம்பர் வந்தபிறகு நிலைமை நேர் எதிர், அப்போது எப்போதும் 'ரிப்ளை ஆல்'தான், இல்லாவிட்டால் பேச்சு இரண்டு பேருக்குள்ளேயே நின்றுவிடும், பக்கில் எதுவும் பதிவாகாது.

முதல் மெயில் போவதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: அனுப்புகிற எல்லாமே, மெயில் முகவரி உட்பட, பொதுவில் தெரியும். லாக் ஃபைலை அப்படியே ஒட்டும்போது உள்ளே பாஸ்வேர்டோ சர்வர் பெயரோ இருக்கிறதா என்று கூடவே உட்கார்ந்து பாருங்கள். இதைச் சொல்லாமல் ஒருவரை அனுப்பச் செய்வது நியாயமே இல்லை.

பக் எவ்வளவு மோசமானது என்று குறிக்கும் கடுமையின் அளவு விஷயத்தில் நிறையத் திட்டு விழுகிறது. கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் மூன்றும் அடுத்த டெபியன் வெளியீட்டையே நிறுத்திவைக்கக்கூடியவை. தன் வேலை கெட்டுப்போன கோபத்தில் புதியவர் 'கிரேவ்' என்று போட்டுவிடுவார். அதற்காக அவரைப் பொதுவில் கடிந்துகொள்ளாதீர்கள். ஒன்றுமே போடாவிட்டால் நார்மல் என்று தானே எடுத்துக்கொள்ளும், அதுவே போதும் என்று சொல்லுங்கள். போட்டுவிட்டாரா, நீங்களே கண்ட்ரோலுக்கு ஒரு வரி அனுப்பி மாற்றுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்று அந்தப் பக்கிலும் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அங்கே அனேகமாக எதையும் திருப்பிக்கொள்ளலாம், மூடியதைத் திறக்கலாம், சேர்த்ததைப் பிரிக்கலாம். இது தெரிந்தாலே புதியவருக்குக் கை நடுங்காது. கண்ட்ரோல் மெயிலின் கடைசியில் 'தேங்க்ஸ்' என்று தனி வரி போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கீழே இருக்கும் கையொப்பத்தையும் கட்டளையாகப் படித்துப் பிழைச் செய்தி அனுப்பக்கூடும்.

என்னைக் கேட்டால், புதிய பக் எழுதுவதைவிடப் பழைய பக்குக்குப் பதில் எழுதுவதுதான் நல்ல தொடக்கம். யாரும் தொடாமல் கிடக்கிற ஒன்றை எடுத்து, இப்போதைய வெர்ஷனில் முயன்று பார்த்து, வருகிறதா இல்லையா என்று அந்த நம்பருக்கு எழுதச் சொல்லுங்கள். அந்தப் பேக்கேஜின் பராமரிப்பாளருக்கு அது நிஜமான உதவி, பெரும்பாலும் நன்றியோடு பதிலும் வரும். சரி செய்துவிட்டோம் என்று மூடப்பட்ட பக் புதிய வெர்ஷனிலும் தலைகாட்டினால், 'ஃபவுண்ட்' என்று எழுதி நம்பரையும் வெர்ஷனையும் கண்ட்ரோலுக்கு அனுப்பினால் போதும், அது மறுபடி திறந்துகொள்ளும். கட்டளைகளில் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.