சைகோனில் என்ன மொழி பேசுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குரோம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் மனைவிக்கும் வியட்நாம் போக மகன் டிக்கெட் போட்டுவிட்டான். நாங்கள் இருவர் மட்டும். என் இங்கிலீஷ் தடுமாறும். அங்கே இருப்பவர்களுக்கோ அதுகூடத் தெரியாதாம். நாங்கள் சுத்த சைவம் வேறு. போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருந்தால் போதுமா, இல்லை சமையல்காரரோடு போகும் குரூப் டூரில் சேர்ந்துகொள்ளட்டுமா? பயணத்தில் முன்பின் தெரியாதவர்களோடு பழகியதை எழுதுகிறீர்கள். இந்த வயதில் எங்களுக்கு அதெல்லாம் நடக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர் அவர்களுக்கு,

சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போவதற்குக் குரோம்பேட்டையிலேயே இருந்துவிடலாம்.

சாப்பாட்டுக் கவலையை முதலில் முடித்துவிடுகிறேன். வியட்நாமில் ரோமன் எழுத்துதான். பலகையில் சி-எச்-ஏ-ஒய் என்று இருந்தால் சைவக் கடை. அமாவாசை, பௌர்ணமியில் அங்கும் நிறையப் பேர் சைவம்தான். மற்ற கடைகளில் காய்கறியிலும் மீன் சாறு விழும், ஜாக்கிரதை. விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிடுவார்கள். 20 ஆயிரம் டாங் நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம். சுழியை எண்ணிவிட்டுக் கொடுங்கள். ஆப் இருக்கட்டும், மருந்துக்கடைக்கு உதவும்.

இங்கிலீஷுக்கு வருவோம். பல நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பது இது என்பதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ‘அதுகூடத் தெரியாதாம்’ என்று எழுத எப்படிக் கை வந்தது உங்களுக்கு? நம்மை ஆண்டவன் இங்கிலீஷ்காரன், அவர்களை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு பேருக்கும் வராத மொழியில் எதற்குப் பேச வேண்டும்? தமிழில் பேசுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அரைகுறை இங்கிலீஷ் பேசும்போது ‘இஸ்’ஸா ‘வாஸ்’ஸா என்று உள்ளே தேடிக்கொண்டிருப்போம். முகம் இறுகிவிடும், கை பையை விட்டு வராது. தமிழில் பேசினால் முகமும் கையும் தானாகக் கூட வரும். எதிரில் நிற்பவருக்கு வேண்டியதும் அதுதான். வார்த்தையா புரியப்போகிறது?

நம்பாவிட்டால் ஒரு மாலை கிரீம்ஸ் சாலைப் பக்கம் போய் நில்லுங்கள். சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் நடைபாதையில் காய் வாங்குவார்கள். கடைக்கார அம்மா ஒரு கத்தரிக்காயை நீட்டி, “சொத்தை இல்ல, பாத்துக்கோ” என்பார். வந்தவர் வங்காளியில் ஏதோ சொல்லிக்கொண்டே காம்பைத் திருகிப் பார்த்துவிட்டு வேறொன்றைப் பொறுக்குவார். இவர் தமிழில் திட்டுவார், அவர் சிரிப்பார். கொசுறுக் கறிவேப்பிலை வரை போகும் அந்தப் பேச்சு.

சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரத்தில், பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. 1975க்குப் பிறகு பெரும்பாலான தமிழர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்று கும்பிட வருகிறவர்களில் வியட்நாமியர்களே அதிகம். நான் சும்மா கைகூப்பிவிட்டு நகரப் பார்த்தேன். ஒரு பாட்டி சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஊதுபத்தியைக் கையில் திணித்து, எங்கே எத்தனை செருக வேண்டும் என்று விரல்விட்டுக் காட்டினார். “பாட்டி, இது எங்க ஊரு அம்மன்” என்றேன். அதைவிடச் சத்தமாக ஏதோ சொல்லி முதுகில் கைவைத்துத் தள்ளினார். சுவரில் நெற்றியை ஒட்டி வேண்டிக்கொள்ள வைத்துத்தான் விட்டார். சரியாகச் செய்கிறேனா என்று தலையைச் சாய்த்து வேறு பார்த்தார்!

வயதைக் கேட்டிருந்தீர்களே, அந்தப் பாட்டிக்கு எண்பது இருக்கும். இளவட்டங்களை யாரும் இப்படிப் பிடித்து நிறுத்துவதில்லை.

அப்புறம், கடிதம் முழுக்க உங்கள் இங்கிலீஷ், உங்கள் பயம். கூட வரப்போகிற அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. குரோம்பேட்டையில் காய்கறி பேரம் பேசுவது நீங்களா, அவரா? பென் தான் சந்தையிலும் அவரையே முன்னால் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள்.