பிரையன் போருவின் வம்சாவளியை எந்தத் தலைமுறை வரை நம்பலாம்?

இணையத்தில் கிடைத்த ஒரு குடும்ப மரத்தில், அயர்லாந்து அரசர் பிரையன் போருவுக்கு மேலே நோவா வரைக்கும் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்தைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். பரவாயில்லை.

பதில்: பிரையனின் தாத்தா லோர்கான் வரை தைரியமாக நம்பலாம். அதற்கு மேலே ஏற ஏற அரசியல். நோவாவைத் தொடும் பகுதி, மடத்துத் துறவிகள் ஐரிஷ் குலங்களை பைபிளோடு முடிச்சுப் போட்டது.

அரசியல் என்றேனே, அது இதுதான். பிரையனின் குலத்துக்கு தால் கேஷ் என்று பெயர். இன்றைய கிளேர் மாவட்டம், ஷானன் ஆற்றங்கரை. இந்தப் பெயரே ஆண்டுக்குறிப்பு ஏடுகளில் 934-ல்தான் முதன்முதலாக வருகிறது. அதற்கு முன் அவர்கள் டேஷி என்னும், மேல்குலத்துக்குக் கப்பம் கட்டும் மக்களின் வடக்குக் கிளை. தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் நாட்டு அரியணை இருந்த காஷெல் பாறையோ ஓவனாக்த் குலத்தின் சொத்து. அங்கே உட்கார வாள் மட்டும் போதாது, உறவும் வேண்டும். ஓவனாக்த்தின் மூதாதை ஓவன். அவன் அப்பா அலில் ஓலம். அந்த அலிலுக்கு கோர்மக் காஸ் என்று இன்னொரு மகனைக் காட்டி, அவன் வழியில் தங்கள் மூதாதை காஸைத் தொங்கவிட்டார்கள். நேற்றுவரை கப்பம் கட்டியவர்கள் இன்று பங்காளிகள்! போதாக்குறைக்கு, இரு வழியினரும் மாறி மாறி ஆள்வதுதான் பழைய ஏற்பாடு என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார்கள். காஷெலில் உண்மையாகவே காலூன்றிய முதல் தால் கேஷ் ஆள் பிரையனின் அண்ணன் மாஹன், அதுவும் 960-களில்தான். 976-ல் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

இப்படிச் சொன்னால் பிரையனை மட்டம் தட்டுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். போலி வம்சாவளி அன்று எல்லாருக்கும் இருந்தது. ஆனால் 1011-க்குள் தீவு முழுக்கத் தன் தலைமையை ஏற்க வைத்தது பிரையன்தான்.

மரத்தைச் சோதிக்க முதலில் வருடங்களைப் பாருங்கள். அல்ஸ்டர் ஏடு என்னும் ஆண்டுக்குறிப்பில், 1013 வரை நடந்தவற்றுக்குப் போட்டிருக்கும் ஆண்டோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். 1014 முதல் சரியாக வரும். இதைத் தெரியாமல் நகலெடுப்பதால்தான் ஒரே மரணத்துக்கு இரண்டு தேதிகள். சரிபார்க்க வழி உண்டு: ஒவ்வொரு ஆண்டின் தலைப்பிலும் ஜனவரி 1 என்ன கிழமை என்று எழுதியிருப்பார்கள். 1014-க்கு அது ஆறாம் நாள், வெள்ளி. அங்கிருந்து 112 நாள் தள்ளினால், சரியாக 16 வாரம், ஏப்ரல் 23. பிரையன் இறந்த க்ளோன்டார்ஃப் போர் நடந்த புனித வெள்ளி. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 25; அதைவிடத் தாமதமாக ஈஸ்டர் வரவே முடியாது. அடுத்த ஞாயிறான சின்ன ஈஸ்டர் கோடையில் விழுந்தது என்றுகூட எழுதியவர் குறித்துவைத்திருக்கிறார், ஐரிஷ் கணக்கில் கோடை மே 1-ல் தொடங்குவதால். பிறப்பு அவ்வளவு கெட்டியில்லை. 941 வாக்கில் என்பதே பொருத்தம். சாகும்போது 88 வயது என்பது 17-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஏட்டின் கணக்கு.

அடுத்து, பெண்கள். மரம் போடுகிறவர்கள் இவர்களை விட்டுவிடுகிறார்கள், கதையே அங்கேதான் இருக்கிறது. பிரையனின் மனைவியரில் ஒருத்தி கோர்ம்லா. டப்ளினின் நார்ஸ் (வைக்கிங்) அரசன் ஓலாஃபை முன்பே மணந்தவள். அவர்கள் மகன் சிட்ரிக். பிரையனின் மகள் ஸ்லானி அந்த சிட்ரிக்கின் மனைவி. கோர்ம்லாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவன்தான் லெய்ன்ஸ்டர் அரசன் மெயில் மோர்டா. ஆக, க்ளோன்டார்ஃபில் எதிரணி என்பது மனைவியின் மகனும் மருமகனுமான ஒருவனும், மைத்துனனும். "வைக்கிங்குகளை விரட்டிய வீரர்" என்று எழுதுகிறவர்கள், சிட்ரிக் அதற்குப் பின் 1036 வரை டப்ளினில் ஆண்டதைப் பார்ப்பதில்லை. அந்த வீரக்கதை, பிரையனின் கொள்ளுப்பேரன் மூர்டாக் (இறப்பு 1119) காலத்தில் குடும்பப் பெருமைக்காக எழுதியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிரையனின் அப்பா பெயரைத் தமிழில் "செனெட்டிக்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். பழைய ஐரிஷில் C என்ற எழுத்துக்குக் ககரம்தான், சகரம் கிடையாது. கென்னெடிக். கென்னடி என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்ததுதான், பிரையனின் அண்ணன் மகன் வழியாக.

கடைசியாக ஒரு குறுக்குவழி. "மாக்" என்றால் மகன், "உவா" அல்லது "ஓ" என்றால் பேரன். ஓ பிரையன் என்பது பிரையனின் பேரன். க்ளோன்டார்ஃபில் மூத்த மகனும் அவன் மகனும் பிரையனோடு சேர்ந்தே செத்தார்கள். இன்னொரு மகன் டைக்கை 1023-ல், வேறு தாய்க்குப் பிறந்த சகோதரன் டொன்னகாவே ஆள் வைத்துக் கொன்றான். டைக்கின் மகன் டர்லோ தலைமுறையில்தான் இந்தப் பெயர் ஒட்டுகிறது. உங்கள் மரத்தில் பிரையனுக்கோ கென்னெடிக்குக்கோ "ஓ பிரையன்" என்று போட்டிருந்தால், மேலே படிக்காமல் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.