தஞ்சாவூர் விமானத்தளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்திலேயே தஞ்சாவூரில் விமானம் இறங்கியது என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா? வயல் சூழ்ந்த ஊரில் விமானத்தளம் எப்படி அமைந்தது?
– வாசகர், பாபநாசம்

பதில்: தாத்தா சொன்னது உண்மைதான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தளம் அது. டெல்டா என்றதும் நம் கண்முன் வண்டல் வயல்தான் வந்து நிற்கிறது. ஆனால் தஞ்சை நகரைத் தாண்டித் தென்மேற்கே, வல்லம் பக்கம் போனால், களிமண் மறைந்து செம்மண் மேடு தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் உங்கள் ஊர் வயலில் கால் வைத்தால் முழங்கால்வரை புதையும். அதே மழை வல்லத்து மேட்டில் பெய்தால் நீர் வடிந்து, தரை விரைவில் இறுகிவிடும். புதுக்கோட்டை சாலையை ஒட்டி அமைந்த இத்தளத்திற்கு அத்தகைய கெட்டித் தரை பெரிய வசதி.

கேள்வி: வாயுதூத் விமானம் தஞ்சைக்கு வந்துகொண்டிருந்ததே, அது ஏன் நின்றுபோனது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சிறிய ஊர்களை இணைப்பதற்கென்று 1981இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் வாயுதூத். 1990களின் தொடக்கத்தில் அது சென்னைக்கும் தஞ்சைக்கும் இடையே விமானம் இயக்கியது; போதிய பயணிகள் இல்லாததால் அச்சேவை நிறுத்தப்பட்டது. 1993இல் அந்த நிறுவனமே இந்தியன் ஏர்லைன்சுடன் இணைக்கப்பட்டது. அந்நிறுவனம் பயன்படுத்திய டோர்னியர் 228 விமானத்தில் 19 பேர்தான் அமரலாம். அதில் ஐந்தாறு இருக்கைகள் காலியாகக் கிடந்தாலே எரிபொருள் செலவுக்குக் கட்டாது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அன்று எப்படிக் கணக்குப் போட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரயில் ஏறினால் விடியற்காலையில் எழும்பூர். விமானத்திற்கோ முதலில் நாற்பது கிலோமீட்டர் தஞ்சைக்குப் போக வேண்டும். பிறகு மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் வர வேண்டும். மீட்டர் கேஜ் பாதையில் ரயில் மெதுவாகப் போனாலும் அதுவே அவருக்குக் கட்டுப்படியானது. ஓடுபாதையில் குறையில்லை, பயணிக்கு அதில் ஆதாயம் இல்லை என்பதே என் கருத்து.

கேள்வி: போர் விமானங்கள் நிற்கும் தளத்தில் பயணிகள் விமானத்தை அனுமதிப்பார்களா? உடான் திட்டத்தில் நம் ஊர் பெயர் இருந்ததே?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தாராளமாக அனுமதிக்கலாம். புனே, சண்டிகர், பாக்டோக்ரா ஆகிய மூன்றும் விமானப்படைத் தளங்களே. ஓடுபாதை பொது, பயணிகள் முனையம் மட்டும் தனியாக வேலிக்கு அப்பால் இருக்கும். தஞ்சைக்கும் தேவைப்படுவது அந்த முனையமும் அதற்கான நிலமும்தான்.

தளத்தின் மதிப்போ இப்போது வெகுவாக உயர்ந்துவிட்டது. 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி இதை முழுமையான விமானப்படை நிலையமாகத் தொடங்கிவைத்தார். 2020 ஜனவரி 20 அன்று, பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கவல்ல சுகோய் 30 விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு இங்கே சேர்க்கப்பட்டது. தென்னிந்தியாவில் சுகோய் விமானங்கள் நிலைகொண்ட முதல் தளம் இது. இந்தியப் பெருங்கடலைக் கண்காணிப்பதற்கு இவ்விடம் வாய்ப்பாக இருப்பதே காரணம். சுகோய் விமானத்தின் ஓசை நீங்கள் அறியாததல்ல. நாற்றுப் பறிக்கும் பெண்கள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் விமானம் போய்விட்டிருக்கும். ஓசை மட்டும் பின்னாலேயே வந்து வயலைக் கடந்து போகும்.

சிறிய ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் விமானம் விடுவதற்கான உடான் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. ஒரு மணி நேரப் பயணத்திற்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய் என்று இருக்கைகளில் ஒரு பகுதிக்குக் கட்டண வரம்பு வைத்து, நிறுவனத்திற்கு ஏற்படும் பற்றாக்குறையை அரசு ஈடுசெய்யும். அதில் மாநிலமும் பங்கு ஏற்கும். தமிழ்நாட்டில் சேலம், நெய்வேலி, வேலூர், ராமநாதபுரம், தஞ்சாவூர் ஆகியவை இத்திட்டத்தில் இடம்பெற்றன. சேலத்தில் முனையம் ஏற்கெனவே இருந்ததால் 2018 மார்ச் 25 அன்றே அங்கு விமானம் வந்துவிட்டது. தஞ்சைக்கு அந்த வசதி இல்லாமற்போனது எனக்கு இன்றும் வருத்தமே.

கேள்வி: திருச்சி பக்கத்திலேயே இருக்கும்போது தஞ்சைக்குத் தனியாக எதற்கு?
– வாசகர், திருவாரூர்

பதில்: வெளிநாட்டுப் பயணத்திற்குத் திருச்சியே போதும், 2024இல் திறக்கப்பட்ட அதன் புதிய முனையம் பெரியது, நல்லது. கூத்தாநல்லூரிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் நள்ளிரவில் வேன் பிடித்து, உறங்கும் குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு சிங்கப்பூர் விமானத்திற்குக் காத்திருக்கும் குடும்பங்களை அங்கே எந்நாளும் காணலாம். ஆனால் சென்னைக்குப் போய் அன்றே திரும்ப வேண்டிய நோயாளியின் நிலை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். தஞ்சையில் விமானம் ஏற முடிந்தால் அதில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அவருக்கு மிச்சமாகும்.